ஆள்காட்டி முட்டைக்குப் பக்கத்தில் மூன்று கற்கள்

இந்தக் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்றவன். எங்கே ர, எங்கே ற என்று இன்றும் தடுமாறுவேன். பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் தொட வேண்டாம்.

ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறேன். ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் பழைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து சவாரி இல்லாத நேரமெல்லாம் பறவைதான். மனிதர்களிடம் எனக்குப் பேச வராது. ஆட்டோவைக் கண்டு பறவைகள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து, படுதாவை இறக்கிவிட்டு, இடுக்கு வழியாக எடுப்பேன்.

சித்திரையில், அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையை ஒட்டிய கல்லாங்காட்டில் ஓர் ஆள்காட்டி முட்டையிட்டிருந்தது. ஆளைக் கண்டாலே கத்தித் தீர்க்கும் பறவை. ஆனால் அதற்குக் கூடு கிடையாது. வெறுந்தரையில், சரளைக்கு நடுவே, கல்லின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் பார்த்துவந்தேன்.

அப்போதுதான் அவர் என் ஆட்டோவில் ஏறினார். சென்னைக்காரர், முழங்கை நீளத்துக்கு லென்ஸ். ஊர் ஊராகப் போய்ப் பறவை எடுப்பவராம். என் கேமராவைப் பார்த்ததும், "அண்ணா, நீங்களும் நம்ம ஆளா!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

வெயில் ஏறும்வரை எடுத்தார். பிறகு, "வெயில் ஏறிடுச்சு, இனி லைட் நல்லா இருக்காது. நாளைக்குக் காலைல வரலாம். ஒரு அடையாளம் வைங்கண்ணா, முட்டை எங்க இருக்குன்னே தெரியல" என்றார்.

வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் மூன்று வெள்ளைக் கற்களைப் பொறுக்கி, முட்டைக்கு ஒரு முழம் தள்ளி இரண்டை நிறுத்தி, தட்டையானதை மேலே வைத்தேன்.

அன்று பௌர்ணமி. மலை சுற்ற வருகிறவர்கள் சொந்த வீடு வேண்டிப் பாதையோரம் கல் அடுக்குவார்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று. ஒரு வீட்டைக் கண்டால் பக்கத்திலேயே தன் வீட்டையும் வைப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நானும் அதே வீட்டைத்தான் கட்டிவிட்டு வந்தேன் என்பது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை, பௌர்ணமிக் கூட்டத்துக்காக அடைத்திருந்த பாதையில் மறுபடி வண்டி விட்டதும் போனோம். கல்லாங்காடு முழுக்கக் குட்டிக் குட்டி வீடுகள். என் மூன்று கற்களைச் சுற்றித்தான் நெரிசல் ஜாஸ்தி. நடுவில் நின்று ஆள்காட்டி கத்திக்கொண்டிருந்தது.

இறங்கி ஓடினேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "அண்ணா, கல்ல எடுத்துடாதீங்க! ஃபிரேம் சூப்பரா இருக்கு. ஒரே நிமிஷம்!"

நின்றுவிட்டேன். இன்றும் எரிவது அதுதான். ஓடியவன் நின்றேன், அவர் எடுத்து முடிக்கும்வரை.

பிறகு மண்டியிட்டுக் கற்களை அகற்றினேன். பாதையில் வந்த ஓர் அம்மா சத்தம் போட்டார்: "யோவ், எங்க வீட்டக் கலைக்காதய்யா! இப்பதான் வேண்டிக்கினு வெச்சிட்டு வந்தேன்."

"கீழ முட்டை இருக்குதும்மா."

அவர் குனிந்து பார்த்தார். "அய்யோ, தெரியலையேப்பா" என்று பக்கத்தில் உட்கார்ந்து, தான் வைத்ததைத் தானே எடுத்தார். இரண்டு முட்டைகள் நசுங்கியிருந்தன. இரண்டு முழுசாக இருந்தன.

சென்னைக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தபடி, "விடுங்கண்ணா, மறுபடியும் போடும்" என்றார்.

"வாய மூடுய்யா!" என்று கத்தினேன். யாரையும் அப்படிக் கத்தியதில்லை.

"என்கிட்ட ஏன் கத்துறீங்க? கல்லு வெச்சது நீங்கதானே?"

அவரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தேன். நடந்து போகட்டும்.

அதன்பிறகு தினமும் கேமரா இல்லாமல் போய்த் தூரத்தில் நின்றேன். மூன்று நாள் பறவை உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் இரண்டு முட்டைகளும் வெயிலில் கிடந்தன. பறவை வரவில்லை.

அந்தப் படத்தை அவர் என் செல்லுக்கு அனுப்பியிருந்தார், நன்றி அண்ணா என்று கைகூப்பும் பொம்மையோடு. அலகைத் திறந்து நிற்கிறது பறவை. மற்றவர்கள் வைத்த கற்கள் மங்கலாக இருக்கின்றன. பறவையின் காலடியில் நான் வைத்த மூன்று கற்களும் தெளிவாகத் தெரிகின்றன. அழிக்கப் பலமுறை விரலை வைத்தேன். அழிக்கவில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, பாதையில் வண்டி விடுவதற்கு முன் எழுதியது.