பிரபுவின் பிள்ளைகள் பதினொன்று

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழில் எழுதிக்கொடுக்கும் வேலை, நான் ஓய்வு பெற்ற மறு வருடம் கிடைத்தது. மதுராந்தகத்தில் முப்பத்தொரு வருடம் சரித்திர ஆசிரியராக இருந்தவன். செங்கல்பட்டில் பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் தவறிவிடுமோ என்று முதல் பஸ்ஸில் ஏறும்போதே கவலை தொடங்கிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஒருவர், தம் மூதாதையின் கல்லறைச் சிற்பத்தைக் கருங்கல்லில் செய்து தரக் கேட்டிருந்தார். பழைய சிற்பத்தில் மூக்கே தேய்ந்துபோயிருந்ததாம். கடிதம் ஒன்பது பக்கம். மூதாதை ஒரு பிரபு, அறுநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர். பத்தொன்பது வயதில் போருக்குப் போனார். பிரான்சுக்கு ஐந்து முறை படையோடு கப்பலேறினார். ஒரு முறை பிடிபட்டுப் பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். கடைசியில் வீட்டுக் கட்டிலில் காய்ச்சலில் இறந்தார். கவசத்தோடு மல்லாந்து, கைகூப்பி, காலடியில் நாயோடு அவர் படுத்திருக்க வேண்டும். அடியில் உள்ள மேடையின் பக்கங்களில் பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும்.

நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஸ்தபதிக்கு நாற்பது வயதிருக்கும், உள்ளூர்க்காரர்.

"நம்மூரு பெருமாள் மாதிரி படுத்துகினு கீறாரு. நாயி இன்னாத்துக்கு சார்?"

விசுவாசத்துக்கு அடையாளம் என்றேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். எட்டு. ஒரு பக்கம் நாலு ஆண், மறு பக்கம் நாலு பெண். எனக்கு எத்தனை என்றும் கேட்டார். மூன்று என்றேன்.

நாலு பேர் ஏழு மாதம் செதுக்கினார்கள். கவசத்தின் கொக்கிகளைக்கூடக் கடிதத்தோடு வந்த படத்தை வைத்து எண்ணிச் சரிபார்த்தேன். இருபத்தாறு. பட்டறையிலிருந்து போட்டோ அனுப்பினார்கள். பதிலுக்கு ஃபேக்ஸ் வந்தது. பிள்ளைகள் பதினொன்று, மூன்று பேர் எங்கே, பதினொன்றும் இல்லையென்றால் கல் வேண்டாம்.

கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். பதினோரு பெயர்கள் இருந்தன. மூன்றின் பக்கத்தில் சிலுவைக் குறி. ஒரு வயது நிரம்பாமல் இறந்தவை. அவற்றை நான்தான் விட்டிருந்தேன். கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் எத்தனை என்றால் இருப்பவர்களைத்தான் நாம் சொல்வோம். பச்சைக் குழந்தையாகப் போனதற்குத் திதி கிடையாது, சுவரில் படம் கிடையாது. எட்டு என்று எழுதியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஸ்தபதியிடம் போய்ச் சொன்னேன். ஏழு மாத உழைப்பு, திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ரெண்டு பக்கமும் எடம் இல்ல. கால் பக்கம் சும்மாதான் கீது."

நாய்க்குக் கீழே மூன்று குழந்தைகளைத் துணி சுற்றிப் படுக்கவைக்கலாமா என்று ஃபேக்ஸ் அனுப்பினோம். நாலாம் நாள் சரி என்று பதில் வந்தது. மூன்றில் ஒன்று பதினோரு நாள் இருந்த குழந்தை. அது எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டார் ஸ்தபதி. உங்களுக்குத்தான் பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன்.

"எம்புள்ளைய நான் அளந்தா பாத்தேன்?"

நான் வலது கையை நீட்டினேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, அதற்கு மேல் இரண்டு விரல். துணியோடு சேர்த்து அவ்வளவுதான் என்றேன். அவர் என் கைமேல் நூலை வைத்துப் பிடித்து முடிச்சுப் போட்டார்.

"கையில வெச்சிகினு இருந்த மாதிரி சொல்றீங்க."

"எனக்கு நாலு. மூத்தது ஒம்பது நாள் இருந்துச்சு."

"மூணுன்னு சொன்னீங்க."

"ஆமா."

ஸ்தபதி கல்லின் கால் பக்கத்தில் நூலை வைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்தார். நூலில் இருப்பது முழு அளவு, கல்லில் பாதிதான் வரும் என்றார். பிறகு, தூசி பறக்கும், தள்ளி உட்காருங்கள் என்று உளியை எடுத்தார்.

கல் துறைமுகத்துக்குப் போன அன்று லாரியில் ஏற்றுமுன் எண்ணினேன். பதினொன்று. லாரியில் ஏறிய பிறகும் ஒரு முறை எண்ணினேன்.