சீட்டு இல்லாத மருந்து

என் அக்காவின் கணவர் மருந்துக்கடைக்காரர். மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் போனால் அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது. ஒருமுறை நானே காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு போய் நின்றேன். சொந்த மச்சான் என்றுகூடப் பார்க்காமல், "சீட்டு எங்க?" என்று கையை நீட்டினார். எரிச்சலாக வந்தாலும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர் செய்த காரியத்தை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஓர் எலுமிச்சை மரம். அக்கா விதை போட்டு முளைக்க வைத்தது. அது காய்ப்பதற்குள் எங்களுக்கெல்லாம் பொறுமை போய்விட்டது, அவளுக்குப் போகவில்லை. முதல் பழத்தை நறுக்க மனம் வராமல், சுருங்கிக் கருக்கும்வரை ஜன்னலிலேயே வைத்திருந்தாள். அந்த மரத்தின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருப்பதாகப் போனில் சொன்னாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை போய்ப் பின்கதவைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத்தடி முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூள். சுவரோரம் ஜிப்சம் மூட்டை வேறு. மரத்தில் பாதி இலை இல்லை.

"என்ன அத்தான் இது?"

"மண்ணு புளிச்சுப் போச்சு மாப்ள. நம்ம வயித்துல புளிப்பு ஏறினா என்ன தர்றோம்? அதே வைத்தியம்தான்."

"புளிச்சுப் போச்சுன்னு யார் சொன்னா?"

"அதான் இலையே சொல்லுதே!"

முதலில் ஒரு கை போட்டிருக்கிறார். கேட்கவில்லை. இரண்டு கை. அதற்கும் கேட்காததால் வாளி. ஒரு மாத்திரையைக் கூட்டிக் கேட்டால் கடையை விட்டே விரட்டுகிறவர்!

அவரைத் தரதரவென்று இழுக்காத குறையாக மண் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். மரத்தடி மண் ஒரு பை, அவர் கை படாத மூலையிலிருந்து ஒரு பை. முடிவு வந்த அன்று அங்கிருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூலையில எடுத்த மண்ணு அருமையான மண்ணு. அதுக்கு எதுவுமே தேவையில்ல. புளிச்ச மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு. உப்பு ஏறி இறுகின மண்ணுக்கு ஜிப்சம். நல்லா இருந்த மண்ணுக்கு ஏன் வைத்தியம் பண்ணீங்க?"

"இலை மஞ்சளாச்சு..." என்றார் அத்தான்.

"பக்கத்துல தண்ணி தேங்குதா? வேர் ஊறினாலும் மஞ்சளாகும். இப்ப அது போதாதுன்னு, மண்ணுல இரும்புச் சத்து இருந்தும் இவ்வளவு சுண்ணாம்புக்கு நடுவுல மரத்தால அதை எடுத்துக்க முடியல. சோத்தை முன்னால வச்சு வாயைக் கட்டின மாதிரி."

"பொழைக்குமாங்க?"

"சொல்ல முடியாது. கந்தகம் போட்டா மெதுவாத்தான் சரியாகும். எவ்வளவுன்னு கணக்குப் பார்த்து நாளைக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் எதையும் போட்டுடாதீங்க."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. கடையில் ஏதோ வேலை இருக்கிறதென்று பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டார்.

நான் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் மரத்துக்குப் பக்கத்திலிருந்த குழாயைக் காட்டினாள். சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரே சொதசொதப்பு.

"முதல் இலை மஞ்சளானப்பவே குழாயைப் பாருங்கன்னு சொன்னேன்டா. அப்புறம் பாக்கலாம்னாரு."

புது வாஷர் ஒன்றைப் போட்டு முடுக்கினேன். ஒழுகல் நின்றது. இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு மரம்?

அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வந்தார். கையில் ஒரு பெரிய பை. கந்தகம்! நேரே மரத்தடிக்குப் போய்க் குனிந்து பையின் வாயைப் பிரித்தார்.

அக்கா கத்தவில்லை. அவருக்கும் மரத்துக்கும் நடுவே போய் நின்று கையை நீட்டினாள்.

"சீட்டு எங்க?"