ஒரு தடவை மருந்து

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் விவசாயிகள் சந்தை போடுகிறார்கள். போன வாரம் போயிருந்தேன். ஓர் அரிசிப் பையில் க்யூ.ஆர். கோடு ஒட்டியிருந்தது. நான் என்ன செய்தேன்? போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டு, எவ்வளவு அனுப்பணும் என்று கேட்டேன்.

கடை போட்டிருந்தவர் சிரித்துவிட்டார். பெயர் கலைச்செல்வி. நன்னிலம் பக்கம் குத்தகை நிலத்தில் தூயமல்லி நெல் போடுகிறவர். அது பணத்துக்கு இல்லை, அரிசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதற்கு என்றார். அவருடைய மகள் செய்துகொடுத்ததாம்.

என் போனில் கலைச்செல்வியே வரப்பில் நின்றார். எந்த வாய்க்கால் தண்ணீர், எப்போது நடவு, எந்த மில்லில் அரவை – எல்லாம் இருந்தது. என் ஜாதகத்தில்கூட இவ்வளவு விவரம் கிடையாது. கடைசி வரி: ‘மருந்து – ஒரு தடவை. இலைச்சுருட்டுப் புழுவுக்கு.’

டெல்டாவில் பூச்சிக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். நோய் பயிருக்கு, மருந்தும் பயிருக்கு. ஆனாலும் படித்ததும் வாங்க மனசு வரவில்லை எனக்கு! பையை மெதுவாகக் கீழே வைத்தேன். வெட்கமாகவும் இருந்தது.

அதற்குள் ஒரு தம்பதி வந்தார்கள். ஸ்கேன் செய்தார்கள், ரசித்துப் படித்தார்கள், கடைசி வரி வந்ததும் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள். அங்கே பையில் ஒரு பச்சை இலை, ‘இயற்கை’ என்று ஒரு வார்த்தை. எந்த ஊர், யார் வயல்... ஒன்றும் கிடையாது. அவர்களும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நமக்கு வேண்டியது விவரமா, நிம்மதியா?

காலையிலிருந்து இதே கதைதான் என்றார் கலைச்செல்வி. இப்படியே போனால் அடுத்த வருஷம் அரிசியாக்கி விற்கிற ஆசையை விட்டுவிட்டு, வியாபாரி கேட்கிற விலைக்கு நெல்லாகவே போட்டுவிட வேண்டியதுதான். மகளும் அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறாளாம். நானும் அதையே சொன்னேன் – ஒரே ஒரு வரிதானே?

“அதை எடுத்துட்டா, மத்ததை மட்டும் எப்படி நம்புறதுன்னு நீங்க கேக்க மாட்டீங்களா?”

கேட்டிருக்க மாட்டேன். அதுதான் சங்கடம்.

இந்த ஞாயிறு மறுபடி போனேன். ஒவ்வொரு பையின் மேலும் மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில், ‘ஒரு தடவை மருந்து அடித்தது.’ ஏங்க இப்படி என்றேன்.

“சந்தோஷமா படிச்சுக்கிட்டே வர்றாங்க, கடைசியில முகம் மாறிடுது. அதைப் பாக்க முடியலைங்க. மொதல்லயே தெரிஞ்சுக்கட்டும்.”

மதியம் ஆகியும் பாதிப் பைகள் அப்படியே இருந்தன. நான் ஒன்று வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, வருஷக்கணக்கில் நாங்கள் சாப்பிடும் பிராண்டின் மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு யானைகள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. எந்த ஊர் என்று அவை சொல்லவில்லை.

நானும் இதுவரை கேட்டதில்லை!