நடுக்கடலுக்குப் போன ஓ.டி.பி.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி சப்ளை செய்கிறேன். ஜி.எஸ்.டி. பதிந்தபோது, கப்பலில் வேலை பார்க்கும் என் கணவரின் செல் நம்பரைக் கொடுத்திருந்தேன். ரிட்டர்ன் போட ஓ.டி.பி. வேண்டும், அவர் நடுக்கடலில் இருந்தால் அது எங்கே கிடைக்கும்? "ஏளா, நான் வந்ததும் மொத்தமா போட்டுக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் புத்தியில்லாமல் பல மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

ஒருநாள் ஆர்டர் தரும் ஏஜென்ட் அண்ணாச்சி போன் செய்தார். "ஒன் ஜி.எஸ்.டி. ரத்தாயிட்டும்மா. கப்பல் வந்து நிக்கு, வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன்" என்றார். வாங்கி வைத்திருந்த தக்காளி வீட்டிலேயே அழுகியது.

அவர் ஊருக்கு வந்ததும் ஓ.டி.பி. வாங்கி, அபராதம் கட்டிப் பதிவை மீட்டு, என் நம்பரையே கொடுத்துவிட்டேன். இப்போது மாதம் பிறந்ததும் முதல் வேலையாக ரிட்டர்ன் போடுகிறேன். ஆர்டர்தான் திரும்ப வரவில்லை. ரிட்டர்னில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்.

— ஒரு வாசகி, தூத்துக்குடி