எட்டு யூரோ ஒயின்

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். துடியலூரில் மோட்டார் பம்பு கம்பெனி, மதுக்கரையில் இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்று, கூடவே கல்யாண மண்டபம், எல்லாம் யார் தயவும் இல்லாமல் கட்டியவை. மகளைப் பிரான்ஸ் வரை அனுப்பிப் படிக்க வைத்தேன்.

போன தீபாவளிக்கு வந்தவள், சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றை என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் என் சிநேகிதர் பொன்னுசாமி இருந்தார். எதற்கும் முதலில் விலை கேட்பது என் பழக்கம்.

"என்ன வெல, அம்மணி?"

"எட்டு யூரோங்கப்பா. நம்ம காசுக்கு எண்ணூறு ரூவா வரும். கடை கடையா ஏறி எறங்கிப் புடிச்சேனுங்க. வெலதான் கம்மி, அருமையா இருக்கும்."

சிநேகிதர் முன்னால் எனக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. "பிரான்சுல இருந்து எண்ணூறு ரூவா சரக்கா? பொன்னுசாமி, நீங்க கொண்டுபோயி கறிக்கொழம்புல ஊத்திக்கோங்க" என்று சிரித்தேன். அவரும் எடுத்துப் போய்விட்டார்.

பிறகுதான் மகள் சொன்னாள். "உங்களோட உக்காந்து ஒரு டம்ளர் குடிக்கோணும்னுதானுங்கப்பா தேடி வாங்குனேன்."

என் எதிரே உட்காரவே தயங்குகிற பிள்ளை அவள். இப்போது போனில், சாப்பிட்டீர்களா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

"அப்பிடி ஒரு ஒயினு நான் குடிச்சதே இல்லீங்க. புள்ளைக்கு நல்ல கைராசி" என்று பொன்னுசாமி ஊரெல்லாம் சொல்கிறார். கைராசி இல்லை. உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்கு அவளைச் சின்ன வயதிலேயே கூட்டிப்போய், சல்லிசான குவியலில் நல்லதைப் பொறுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த ஒயினில் ஒரு வாய்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அதைப் புகழ்கிறவர்கள் என் பேரையாவது சேர்த்துச் சொல்லட்டும்.