பச்சைப் புடவை யார் வீட்டு ஆளு?

நான் எடுத்த பேய்ப்படத்தை முதல் தடவை போட்டுக் காட்டியபோது ஒருத்தரும் பயப்படவில்லை. அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தோலுரித்துத் தின்றுகொண்டே பார்த்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. பேய்க்கு உறவுமுறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். நான் விழுப்புரம். கல்லூரியில் என்னோடு படித்த தோழி திண்டிவனம். அங்கே ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ எல்லாம் எடிட் பண்ணுகிறாள். மூன்றாவது ஆள் வானூர்க்காரன், எங்கள் வகுப்புதான். மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம். யாரோ போனில் எடுத்த வீடியோ, எடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது, வீடியோ மட்டும் நம் கையில் கிடைத்திருக்கிறது. அப்படி நம்ப வைக்கிற பேய்ப்படம் எடுக்க வேண்டும். கேமரா ஆடலாம், முகம் பாதி வெட்டுப்படலாம். எங்களை மாதிரி கையில் போனைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்களுக்கென்றே யாரோ யோசித்து வைத்த பாணி அது!

ஆளுக்கொரு கதை எடுத்தோம். வானூர்க்காரன் கதையில் இரண்டு பையன்கள் சவுக்குத் தோப்புக்குள் போனோடு போய் வழி தவறுகிறார்கள். தோழியின் கதை, கார் கண்ணாடியில் மாட்டிய கேமராவில் பதிவானது: விழுப்புரத்திலிருந்து கிளம்பிய கார் திண்டிவனம் போய்ச் சேரவே சேராது, ஒரே டோல்கேட் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். என்னுடையது காதுகுத்து வீடியோ. அண்ணன் மகளுக்கு நிஜமாகவே நடந்த காதுகுத்து. அந்த வீடியோவில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் ஐந்து இடத்தில் வருவாள். ஒன்றும் செய்ய மாட்டாள். பின்னால் நிற்பாள், பந்தியில் உட்கார்ந்திருப்பாள், கேமராவைப் பார்ப்பாள். அவ்வளவுதான். விசேஷம் முடிந்து பத்து நாள் கழித்து அதே மண்டபத்தில் தோழியையே பச்சைப் புடவையில் நிற்கவைத்து எடுத்தோம். அதை அவளே வீடியோவுக்குள் ஒட்டினாள். விசேஷத்தன்று அவள் விழுப்புரத்திலேயே இல்லை.

சிக்கல் நீளத்தில் வந்தது. புதுச்சேரியில் ஒரு சின்னத் திரைப்பட விழா. நாற்பது நிமிடத்துக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள். எங்கள் படம் ஐம்பத்து மூன்று நிமிடம். ஆளாளுக்குக் கொஞ்சம் வெட்டலாம் என்றால் யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் ஒப்பந்தம் போட்டோம்: ஒரு கதையை முழுசாகத் தூக்கிவிடுவது. எதை என்று நாங்கள் சொல்லக் கூடாது. விழுப்புரத்தில் ஒரு காட்சி, திண்டிவனத்தில் ஒரு காட்சி. பார்த்தவர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். எது பிடித்தது, எதைத் தூக்கலாம், ஏன்.

என் கதை போய்விடுமோ என்ற பயத்தில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டு மாதம் வேலை தேடி, கிடைத்த வேலையில் மூன்று மாதம் உட்கார்ந்து, விட்டுவிட்டு வந்தவள் நான். ஆரம்பித்து முடித்த ஒரே காரியம் இந்தப் பதினாறு நிமிடம்தான்.

விழுப்புரம் காட்சி எங்கள் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னலை மறைக்கக் காதுகுத்து ஃபிளெக்ஸையே கட்டினேன். பின்னால் வெயில் அடித்ததில் அண்ணன் மகளின் முகம் பெரிதாக ஒளிர்ந்துகொண்டு, படம் முழுக்க எங்களைப் பார்த்துச் சிரித்தது. சவுக்குத் தோப்பு ஓடியபோது எதிர் வீட்டு அக்கா இரண்டு முறை வீறிட்டார். வானூர்க்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. டோல்கேட் அமைதியாக ஓடி முடிந்தது. பிறகு என்னுடையது.

முதல் நிமிடம் குழந்தையைக் கொஞ்சினார்கள். இரண்டாவது நிமிடம் அவரவர் முகம் வந்த இடத்தில் கை தட்டினார்கள். பச்சைப் புடவை முதல் முறை தெரிந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கெடாரிலிருந்து வந்திருந்த பெரியம்மா சொன்னார்: "யாரு இவ? சம்பந்தி வூட்டு ஆளா?"

சம்பந்தி என்றால் அண்ணியின் அம்மா. கண்டமங்கலத்துக்காரர். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "எங்க பக்கம் இப்டி யாரும் இல்லீங்களே. உங்க கெடார் ஆளுங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"எங்க ஆளுங்கள எங்களுக்குத் தெரியாதாம்மா?"

"அப்ப யாருங்க கூப்ட்டாங்க?"

எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "மாமன் மடியில கொழந்தைய உக்கார வெச்சாங்க இல்ல, அப்ப என் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தா. ஒரு வார்த்த பேசல. திமிரு புடிச்சவன்னு நெனச்சேன்."

பெரியம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவளை யாரும் கவனிக்காமல் விட்டோம் என்று சம்பந்தி நாளைக்குச் சொல்லிவிட்டால்? "கவனிக்காம எங்க வுட்டோம்? பந்தியில மூணாவது எல. நான்தான் அவளுக்கு சாம்பார் ஊத்தினேன். போதும்னுகூட சொல்லல, எலய பாத்துக்கினே இருந்தா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு நிமிடமும் இதேதான். கடைசிக் காட்சியில் அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அங்கேயும் "புடவ நல்ல புடவ, எந்தக் கடையில எடுத்தாளோ" என்று ஒரு குரல். விளக்கைப் போட்டதும் பெரியம்மா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். சுடிதாரில் என் தோழி.

"ஏம்மா, அது நீதானே? நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

கூடமே சிரித்தது. சீட்டுகளைப் பிரித்தால், தூக்க வேண்டியது காதுகுத்து, காதுகுத்து, காதுகுத்து. ஏன் என்ற இடத்தில் 'சிரிப்பா இருக்கு' என்று எழுதியிருந்தார்கள். பெரியம்மா மட்டும் விரிவாக எழுதியிருந்தார்: 'நம்ம வீட்டு நல்ல காரியத்தை வெளியில பேய்னு காட்டாதே.'

தோழியைத் திண்டிவனம் பஸ் ஏற்றப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆட்கள் எங்கே பயப்படுகிறார்கள் என்று பிறகு பார்க்கலாமே என்று காட்சி முழுவதையும் அவள் போனில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். இயர்போனின் ஒரு முனையை என் காதில் செருகினாள்.

"எதுக்குடி? மறுபடியும் அந்தச் சிரிப்பக் கேக்கணுமா?"

"வாய மூடிக்கினு கேளு."

படம் இல்லாமல் குரல்கள் மட்டும். யாரு இவ. உங்க ஆளா. எங்க ஆளு இல்லீங்களே. அப்ப யாருங்க கூப்ட்டாங்க. என் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தா. நான்தான் அவளுக்கு சாம்பார் ஊத்தினேன்.

பட்டப்பகல். சுற்றிலும் ஹாரன் சத்தம், கண்டக்டர்களின் கூவல். என் முழங்கை வரைக்கும் மயிர் சிலிர்த்தது.

தோழி என்னையே பார்த்தாள். "நான் அன்னிக்கி வரவே இல்லடி. எனக்கு எப்டிடி அவங்க சாம்பார் ஊத்துவாங்க?"

அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்ததையும் விட்டுவிட்டோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், டீயை ஆறவிட்டோம். நான் போட்டிருந்த பயமுறுத்தும் இசையை எல்லாம் கழற்றி எறிவது. வீடியோவின் மேல் இந்தக் குரல்களை ஓடவிடுவது. ஒரு குடும்பம் தன் வீட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதில் யாருக்கும் தெரியாத ஒருத்தி. நான் எழுதத் தெரியாமல் விட்ட கதையைப் பெரியம்மா மல்லாட்டை தின்றுகொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார்!

குரலை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கெடாருக்குப் போன் போட்டால், பெரியம்மாவுக்கு நல்ல காரியம், கெட்ட காரியம் எல்லாம் மறந்துபோயிற்று. "என் கொரல் சினிமாவுல வருதா? அய்ய, அன்னிக்கி வாயில மல்லாட்டைய வெச்சிக்கினு பேசிட்டேன். நேரா வா, நல்லா பேசித் தர்றேன்." போனேன். மேடைப் பேச்சு மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். பத்திரமாகப் பதிவு செய்துகொண்டு, மல்லாட்டைக் குரலையே படத்தில் வைத்தேன்.

திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. வந்தவர்கள் டியூஷன் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். எங்களை யாருக்கும் தெரியாது. சவுக்குத் தோப்பு ஓடும்போதே ஒருவர் எழுந்துவிட்டார். "கேமராவ நேரா புடிக்கத் தெரியல, தல சுத்துது. இதெல்லாம் ஒரு படமா? பேஜாரு." மனைவியையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். ஐந்து நிமிடத்தில் மனைவி மட்டும் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

டோல்கேட் ஓடியது. என்னுடையது வந்தது.

குழந்தை சிரித்தபோது சிலர் சிரித்தார்கள். பெரியம்மாவின் "யாரு இவ?" வந்ததும் ஒருவர் முன்னால் சாய்ந்தார். "எங்க ஆளு இல்லீங்களே" என்ற இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சாம்பார் வரியில் முன்வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னார். நான் தோழியின் கையை எவ்வளவு அழுத்தினேன் என்றால், அவள் என்னைக் கிள்ளித்தான் விடுவித்துக்கொண்டாள்.

திரும்பி வந்த அந்த அக்கா என்னிடம் வந்தார். "அந்தப் பொம்பள யாருன்னு சொல்லவே மாட்டீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப எங்க கல்யாண வீடியோவ நான் எப்டிமா இனிமே பாக்கறது?" கோபமாகத்தான் கேட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சீட்டுகளைப் பிரித்தோம். பிடித்தது: காதுகுத்து. தூக்க வேண்டியது: அதுவும் காதுகுத்துதான்.

வானூர்க்காரன் கையை விரித்தான். "ரூல் ரூல்தான். ரெண்டு ஊர்லயும் உன்னுதத்தான் தூக்கச் சொல்லியிருக்காங்க."

"ஏன்னு எழுதியிருக்காங்களே, அதைப் படிடா!" என்று கத்தினேன்.

சத்தமாகப் படித்தான். 'வேண்டாம், பயமா இருக்கு.' 'சாம்பாரை எடுத்துடுங்க.' 'வீட்டு விசேஷத்தை வெச்சி விளையாடாதீங்க.' 'ஒன்னும் புரியல, ஆனா அந்தப் பொம்பள வேண்டாம்.' படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது. "பயமா இருக்குன்னு தூக்கச் சொல்றாங்களா? என் கதைக்கு இப்டி ஒருத்தரும் எழுதலியே" என்றான்.

தோழி இரண்டு ஊர்ச் சீட்டுகளையும் மடியில் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"டோல்கேட் பத்தி ஒரு வரி இல்லடி" என்றாள். "புடிச்சதுலயும் இல்ல, தூக்கறதுலயும் இல்ல."

"ஏய், அது நல்ல கதை" என்றான் வானூர்க்காரன்.

"நல்லா இருந்தா திட்டியாவது இருப்பாங்க."

லேப்டாப்பைத் திறந்து, தன் கதையை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வெளியே இழுத்துவிட்டாள். வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளுக்குள் என் கதை பிழைத்துவிட்டது, பிழைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டிருந்தேன். படம் முப்பத்தெட்டு நிமிடத்தில் வந்து நின்றது.

அவள் கடைசியில் பெயர் ஓடும் இடத்துக்குப் போனாள். பெரியம்மா, சம்பந்தி, எதிர் வீட்டு அக்கா எல்லோருக்கும் குரல் என்று போட்டாள். தன் வரியில் வந்து விரலை நிறுத்தினாள்.

"எனக்கு இன்னாடி போடறது? நடிப்புன்னு போட்டா கத கெட்டுப்போவும்."

பெரியம்மா அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவள் சிரித்தாள், அன்று முதல் தடவையாக. அப்படியே தட்டச்சு செய்தாள்.

பச்சைப் புடவை: யாரு வூட்டுப் பொண்ணோ, தெரியல.