எருமைத் தோல் போர்த்திய பந்தல்

அறுபதுகளின் தொடக்கம், ஆனி மாதம். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் தெருவில் பாதியை அடைத்துக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை எனக்குக் கல்யாணம்.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப்பு என்பார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் அந்த ஷாப்பு மாட்டுவண்டி தினமும் போகும். தொட்டியில் ஊறிய எருமைத் தோல்களைச் சொட்டச் சொட்ட ஏற்றிக்கொண்டு ஒரு ஷாப்பிலிருந்து இன்னொரு ஷாப்புக்குப் போகிற வண்டி. அது போன பிறகும் வாடை போகாது. அப்பா முன்கூட்டியே வண்டிக்காரரை வழிமறித்து, "பாய், ரெண்டு நாளைக்கு மட்டும் சுத்திப் போயிருங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க மூக்கைப் புடிச்சா எனக்குத்தான் அசிங்கம்" என்று கேட்டிருந்தார். "அதுக்கென்னண்ணே, நடக்கப்போறது மாடுதானே, சுத்தியே போறேன்" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு அக்காவுடையது மண்சுவர் வைத்த கூரை வீடு. எங்கள் அடுப்படியில் இடம் போதாததால் முறுக்கு சுடும் வேலையைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். சுட்டு முடித்து, டின்களை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, பிள்ளைகளோடு இங்கேயே காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். அங்கே அடுப்பில் கங்கு மிச்சம் இருந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அவர் வீட்டுக் கூரை பற்றிக்கொண்டது. பிள்ளைகளை இங்கே கூட்டி வராமல் இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு அவருடைய சின்னப் பையன் அந்தக் கூரையின் கீழ்தான் தூங்கிக்கொண்டிருப்பான்.

காற்று எங்கள் பக்கம் அடித்தது. ஊரில் தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடு. கல்யாணச் சமையலுக்கென்று வாங்கி வைத்திருந்த தண்ணீரையெல்லாம் எரிகிற கூரையில் கொட்டித் தீர்த்தோம். தீ குறையவில்லை. பொறிகள் பறந்து வந்து பந்தல் கீற்றில் விழ ஆரம்பித்தன. பந்தல் பற்றினால் எங்கள் வீடும் அதை ஒட்டிய வீடுகளும் மிஞ்சாது.

அப்போது, சுற்றிப் போவதற்காகத் தெருமுனையில் திரும்ப வேண்டிய தோல் வண்டி, திரும்பாமல் நேரே உள்ளே வந்தது.

"அண்ணே, தோலைத் தூக்கிப் பந்தல் மேல போட்ருவோம். ஈரத்துல தீ ஏறாது" என்று கத்தினார் பாய்.

"கல்யாணப் பந்தல் மேலயா?"

"வாடை வேணுமா, சாம்பல் வேணுமா? வெரசாச் சொல்லுங்க!"

அப்பா வண்டிக்கு ஓடினார். ஒரு தோலின் முனையைப் பிடித்துத் தூக்கினார். ஏணிகள் வந்தன. எங்கள் ஓட்டின் மேல் நாலைந்து பேர் ஏறினார்கள்.

"ஏலே, வாலைப் புடிச்சு இழுடா!"

"இதுல வால் எங்கண்ணே இருக்கு?"

அந்த நிலையிலும் தெரு சிரித்தது. தோலின் மேல் விழுந்த பொறிகள் சுர்ரென்று அடங்கின. அக்காவின் வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. தீ அதைத் தாண்டி வரவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது கங்குகளைத் தவிர அணைக்க ஒன்றும் இல்லை. தண்ணீரோடு வந்த வண்டியை எங்கள் தெருப் பெண்கள் சும்மா அனுப்புவார்களா? குடங்களோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். கல்யாணப் பாத்திரங்கள் அந்தத் தண்ணீரில்தான் கழுவப்பட்டன.

தோல்களை இறக்குவதற்குள் தொப்பம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்பாவின் சட்டையெல்லாம் கரி. அப்படியே கும்பிட்டார். அபசகுனம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கல்யாணம் நின்றுவிடும். வருங்கால மாமனார் பந்தலை அண்ணாந்து பார்த்தார். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, சீருன்னு நாங்க வாயே தொறக்கலீங்க. நீங்களாப் பார்த்து எருமை குடுக்கறீங்க, சரி. தோலை மட்டும் குடுத்தா பால் எப்படிங்க கறக்கறது?"

பஸ்ஸே சிரித்தது. அப்பா அங்கேயே பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மட்டும் எரிந்த வீட்டு வாசலைவிட்டு வரவில்லை. தன் அடுப்பால் வந்த வினை, தான் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று அழுதுகொண்டிருந்தார். மாமனார் அங்கேயே போனார். "வீடு போச்சேன்னு அழுவோணும் அம்மிணி. அதை விட்டுப்போட்டு எங்க கல்யாணத்துக்கு அழுவறீங்களே! நீங்க முன்னால நிக்கலீன்னா எங்க பஸ்ஸு திரும்பிப் போயிருமுங்க."

மறுநாள் அக்கா நின்றார். வண்டிக்கார பாய் முதல் பந்தியில் உட்கார்ந்து, "இந்த முறுக்குக்காகத்தான் அம்புட்டும் எரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார்.

பந்தி முடிந்ததும் பந்தலைப் பிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தென்னந்தோப்புக்காரர்கள், கீற்று வேய்வது அவர்களுக்குக் கைவந்த வேலை. தாலி கட்டிய கையோடு என் கணவரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். எரிந்த கழிகளை மாற்றி, பொழுது சாய்வதற்குள் எங்கள் பந்தல் கீற்று அக்கா வீட்டுக்குக் கூரையாகிவிட்டது. முதல் மறுவீட்டுக்கு நாங்கள் வந்தபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "ஏன் மாப்ள, மழை பெஞ்சா என் வீடு தோல் ஷாப்பா மணக்குதே, இதுக்கு என்ன வழி?"

இப்போதும் திண்டுக்கல்லுக்குள் பஸ் நுழையும்போது காற்றில் அந்த வாடை லேசாக வந்தால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். எங்கள் ஜன்னலை மட்டும் நாங்கள் திறந்தே வைத்திருப்போம், தெருவே கூரையேறி நின்று நடத்திவைத்த கல்யாணத்தின் வாசனை எங்களுக்கு அதுதான் என்பதால்.